எதோடு எது சேரும்

துருப்பிடித்த ஓர் இரும்புக் குழாய். எங்கள் ஊரான பேசாலையின் கடற்கரையில் ஒதுங்கிக் கிடந்ததைப் பார்த்து என் மச்சாள் கணினியில் வரைந்த படம் அது. மச்சாள் என் கணவரின் தங்கை. தமிழ்நாட்டு அகதி முகாமில் வளர்ந்து, கணினிப் படிப்பையும் அங்கேயே முடித்து, சண்டை ஓய்ந்தபின் ஊர் திரும்பியவள். என் சிறிய கணினிக் கடையில் இருவருமாக ஒரு விளையாட்டை உருவாக்கினோம். ஆளில்லாத் தீவில் ஒதுங்குபவர், கரையில் கிடைப்பவற்றைக் கொண்டு வேண்டிய கருவிகளைத் தாமே செய்துகொள்ள வேண்டும். மற்ற விளையாட்டுகளில் எதோடு எதைச் சேர்த்தால் என்ன வரும் என்பதை உருவாக்குபவரே முன்கூட்டித் தீர்மானித்துவிடுவார். மச்சாளுக்கு அது பிடிக்காது. ஒவ்வொரு பொருளுக்கும் கனத்தையும் நீளத்தையும் வளையும் தன்மையையும் மட்டும் கொடுத்தாள். "மிச்சத்தை விளையாடுற ஆள் கண்டுபிடிக்கட்டும்" என்பாள்.

கடைக்கு வருகிற பள்ளிக்கூடப் பெடியளுக்கு விளையாடக் கொடுத்தோம். ஈட்டி, தண்ணீர் இறைக்கும் துலா என்று என்னென்னவோ செய்தார்கள். ஒருநாள் முற்பகல், முன்பின் தெரியாத ஒருவர் வந்தார். எந்தக் கந்தோர், என்ன உத்தியோகம் என்று அவர் சொல்லவில்லை. அந்த நாட்களில் நாங்களும் கேட்பதில்லை.

"இதிலை துவக்குச் செய்யலாமாம்?"

"அப்பிடி ஒண்டும் இல்லை, சேர்" என்றேன்.

கதிரையை இழுத்துப்போட்டு அமர்ந்தார். குழாயை எடுத்தார். சுருள்கம்பி, மரக்கட்டை, வலைக்கென்று நாங்கள் வைத்திருந்த ஈயக்குண்டு. பழகிய கைகள். குறிபார்த்துச் சுட்டார்; திரையில் தென்னையிலிருந்த காகம் விழுந்தது.

"அப்ப இது என்ன?"

மச்சாள்தான் பேசினாள். "நாங்கள் வச்சது குழாயும் கம்பியும். துவக்குச் செய்தது நீங்கள், சேர்."

அவளுடைய பெயரைக் கேட்டுக்கொண்டு போய்விட்டார்.

"இதைப் பற்றி ஆருக்கும் சொன்னனீங்களோ?" என்று அன்று மச்சாள் என்னைக் கேட்டாள். அதையே அவளிடம் கேட்க நானும் வாயெடுத்திருந்தேன். ஒருவர்மேல் ஒருவருக்கு வந்த அந்த ஐமிச்சம் கொஞ்சக் காலம் எங்கள் இருவருக்கும் நடுவிலேயே குந்தியிருந்தது. பெடியளுக்கு விளையாட்டைக் கொடுப்பதை நிறுத்தினோம். ஒவ்வொரு முகமும் காட்டிக்கொடுத்த முகமாகவே தெரிந்தது.

அடுத்த கிழமை அவர் மறுபடி வந்தார். எதுவும் கேட்காமல் ஒரு படகு செய்தார். அதற்கடுத்த கிழமையும் வந்தார். "படகு இருக்கு. பாய் எங்கை?" மச்சாள் பாய்ச்சீலை சேர்த்துக் கொடுத்தாள்.

மச்சாள் இப்போது கொழும்பில் இதே வேலைதான் செய்கிறாள். அவர் விளையாட வந்தாரா, வேவு பார்க்க வந்தாரா என்று இன்றைக்கும் எங்களுக்குள் பேச்சு வரும். எனக்கு நினைவில் நிற்பது அவர் கடைசியாக வந்த நாள். படகைக் கடலில் விட்டார். பிறகு மிச்சமிருந்த சீலையை எடுத்து கரையில் கிடந்த மண்ணெண்ணெய்ப் போத்தலின் வாயில் திரிபோலப் பொருத்திப் பார்த்தார். பொருந்தவில்லை. மச்சாளின் விளையாட்டு எதையும் அப்படி மறுத்து அதுவரை நான் பார்த்ததில்லை. திரும்பி மச்சாளைப் பார்த்தார்.

"இது சேரேல்லையே."

"ஓம் சேர்," என்றாள் அவள். "அது சேராது."