என் கையால எழுதின சமாதானக் கடிதம்

எங்க வீட்டுல எழுதற வேலை எல்லாம் என்னுது. அப்பா மில்லுல இருந்தவரு, கையெழுத்து போடத் தெரியும், அவ்வளவுதான். ரேஷன் கார்டுல பேரு சேக்கணுமா, மில்லு மூடினப்பறம் அப்பாவுக்காக மனு எழுதணுமா, நான்தான். கல்யாணம் ஆகி முத்தியால்பேட்டைக்கு வந்ததும் தெருவே என்கிட்ட வந்து எழுதி வாங்கிட்டுப் போச்சு. எனக்கும் அதுல ஒரு கர்வம். நான் எழுதின மனுவப் படிக்கிற அதிகாரி மறுகேள்வி கேக்கக் கூடாது, அப்படி இருக்கணும். அந்தக் கர்வத்துல தீய வெக்க.

தங்கச்சி என்னைவிட ஒம்போது வயசு சின்னவ. அவள அரியாங்குப்பத்துல குடுத்தோம். மாப்பிள்ளைக்கு கவர்மெண்ட் வேலை. அந்த ரெண்டு வார்த்தையக் கேட்டு வாயப் பொளந்துகிட்டு நின்னோம், வேற ஒண்ணும் விசாரிக்கல. மாப்பிள்ளை, மாப்பிள்ளைன்னு மரியாதையா சொல்லிப் பழகின வாய். இப்ப அவன்னுதான் வருது, வரட்டும். அவன் அடிக்கிறான்னு எனக்குத் தெரிஞ்சதே அவங்க பொண்ணுக்கு நாலு வயசு ஆனப்பறம்தான். பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்னு தங்கச்சி மூணாவது தடவை சொல்லச்சேதான் உறைச்சுது. ஒரு மனுஷி ஒரே பாத்ரூம்ல எத்தனை தடவைதான் வழுக்குவா?

ஒரு நாள் காலையில, புள்ளையத் தூக்கிகிட்டு நேரா மகளிர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிட்டா. என்கிட்டகூட சொல்லல. அங்க போய் உக்காந்தப்பறம்தான் எனக்கு போன் பண்ணினா. நான் ஓடிப்போய்ப் பாத்தா உதடு கிழிஞ்சிருக்கு, மேல் கை ரெண்டும் கன்னிப்போயிருக்கு. எனக்கு முன்னாடியே அவனோட தாய்மாமன் வந்து உக்காந்திருந்தாரு. வெள்ளை வேட்டி, சட்டைப் பையில மூணு பேனா. ஊர்ல எந்தப் பஞ்சாயத்துன்னாலும் அந்த ஆளு இருப்பாரு.

அங்க இருந்த ஏட்டம்மா நல்ல மனுஷி, அத நான் சொல்லியே ஆகணும். கேஸ் போடட்டுமான்னு தங்கச்சிகிட்டதான் கேட்டாங்க. அவ என் மூஞ்சியப் பாத்தா. நான் முந்திகிட்டு, வேணாம் மேடம், குடும்பத்துக்குள்ள பேசி முடிச்சுக்கறோம்னேன். உங்கள கேக்கலைங்கன்னு சொல்லிட்டு மறுபடி அவகிட்டயே கேட்டாங்க. அவ மறுபடியும் என்னைத்தான் பாத்தா. நான் தலைய ஆட்டினேன். அவளும் ஆட்டினா.

தாய்மாமன் கேட்டது ஒரே ஒரு வரி. சமாதானமாப் போறோம்னு எழுதிக் குடுத்துடும்மா, போதும்னாரு. மீதிய நான் சேத்தேன். யாரும் சொல்லித் தரல. வெள்ளைத்தாள ஓரம் மடிச்சு, அடித்தல் திருத்தல் இல்லாம எழுதினேன். 'என் கணவர் என்னை ஒருபோதும் அடித்ததில்லை. என் உடம்பில் உள்ள காயங்கள் நான் குளியலறையில் வழுக்கி விழுந்ததால் ஏற்பட்டவை. கோபத்தில் தவறாகப் புகார் கொடுத்துவிட்டேன்.' இப்படி எழுதினா அவன் வேலைக்கு ஆபத்து வராது, மனசு குளுந்து இவள நல்லா வெச்சுப்பான்னு வியாக்கியானம் வேற. தங்கச்சி முழுசாப் படிச்சா. கிழிஞ்ச உதட்டோட உக்காந்து படிச்சா. படிச்சுட்டுக் கையெழுத்து போட்டா.

மூணு மாசத்துல என் பொண்ணு கல்யாணம் வந்துது. தங்கச்சி அவனோட ஜோடியா வந்து நின்னா, பந்தியில ஓடி ஓடி வேலை செஞ்சா. எல்லாம் சரியாப் போச்சுன்னு நான் ஊரெல்லாம் சொல்லிகிட்டேன். சரியாவா போச்சு? அடுத்த வருஷம் அவன் அடிச்ச அடியில அவளுக்கு இடது காது சவ்வு கிழிஞ்சுது. இப்பவும் அந்தப் பக்கம் பேசினா காதுல விழாது. அன்னைக்கு வீட்ட விட்டு வந்தவ எங்க வீட்டுக்கு வரல. புள்ளைக்கு ஸ்கூல் கிட்டன்னு சொல்லி, அரியாங்குப்பத்துலயே மாடிப்படிக்குக் கீழ ஒரு ரூம் வாடகைக்கு எடுத்துகிட்டா. இவளும் புள்ளையும் அந்தப் பொந்துல, அவன் மட்டும் காத்தோட்டமான வீட்டுல.

இந்தத் தடவை அவளே விசாரிச்சா. பாதுகாப்பு அலுவலர்னு ஒருத்தர் இருக்காங்க, அவங்ககிட்ட சொன்னா நடந்தத எல்லாம் ஒரு படிவத்துல எழுதி மேஜிஸ்ட்ரேட்டுக்கு அனுப்புவாங்கன்னு தெரிஞ்சுகிட்டா. இலவச சட்ட உதவியில ஒரு வக்கீலம்மா கிடைச்சாங்க. அவ கேட்டது ரெண்டுதான். அவன் கிட்ட வரக் கூடாது, அந்த வீட்டுல ஒரு பாகத்துல புள்ளையோட பயமில்லாம இருக்கணும். அறுபது நாளுக்குள்ள முடிக்கப் பாக்கணும்னு சட்டத்துல இருக்காம். அவன் சம்மன வாங்காமயே பல மாசம் ஓட்டினான். வாங்கினப்பறம் வக்கீல மாத்தினான், உடம்பு சரியில்லன்னான். வாய்தா, வாய்தா, வாய்தா. ஒவ்வொரு தடவையும் வேலை பாக்கற கடையில லீவு போட்டுட்டு ஒரு மூலையில உக்காந்திருந்து, பேரக் கூப்பிட்டதும் போய் நின்னு, அடுத்த தேதிய வாங்கிகிட்டு வருவா.

கடைசியில விசாரணை வந்துது. எதிர்த்தரப்பு வக்கீல் ஒரு தாள நீட்டினாரு. என் கடிதம். அத வெச்சுத்தான் கேஸையே நடத்தியிருக்காங்க.

"படிச்சுப் பாத்துத்தானே கையெழுத்து போட்டீங்க?"

"ஆமாங்க. ஆனா நான் எழுதல. எங்க அக்கா எழுதினாங்க."

அப்படித்தான் நான் சாட்சியா ஆனேன். வக்கீலம்மா என்னைக் கூப்பிட்டு, அன்னைக்கு யாராவது மிரட்டினாங்களா, மிரட்டியிருந்தா சொல்லுங்க, இல்லன்னா இல்லன்னு சொல்லுங்கன்னாங்க. நான் அப்பவே முடிவு பண்ணிட்டேன், தாய்மாமன் மேல போட்டுடலாம்னு. அந்த ஆளு மிரட்டினாரு, அவரு சொல்லச் சொல்ல எழுதினேன், முடிஞ்சுது. தங்கச்சிக்கும் நல்லது, எனக்கும் பழி இல்ல. ஒரு வாரம் சமையல் பண்ணிகிட்டே அத மனப்பாடம் பண்ணினேன்.

கூண்டுல ஏறினேன். கடிதத்துல இருக்கற எழுத்து யாருதுன்னு கேட்டாங்க, என்னுதுன்னேன். தாய்மாமன் பின்பக்கம் அதே வெள்ளை வேட்டியோட உக்காந்திருந்தாரு. அவரு பேர சொல்ல வாயத் தொறக்கறேன், அதுக்குள்ள மேஜிஸ்ட்ரேட்டே நிமிந்து பாத்து ஒரு கேள்வி கேட்டாரு.

"ஏம்மா, அவங்க உதடு கிழிஞ்சு உக்காந்திருந்தப்ப நீங்க பக்கத்துலயே இருந்திருக்கீங்க. அடிக்கலன்னு எப்படி எழுதினீங்க?"

அதட்டிக் கேட்டிருந்தா பொய் சொல்லியிருப்பேன். அந்த மனுஷன் நெஜமாவே புரியாமத்தான் கேட்டாரு. மனப்பாடம் பண்ணதெல்லாம் எங்க போச்சோ.

"அந்த வாரம் என் பொண்ணப் பாக்க கடலூர்ல இருந்து வர்றதா இருந்தாங்கய்யா. சித்திக்காரி புருஷன விட்டுட்டு வந்துட்டான்னு தெரிஞ்சா சம்பந்தம் போயிடும்னு எழுதினேன். யாரும் மிரட்டல. நானாத்தான் எழுதினேன்."

எங்க வீட்டுக்காரர்கிட்டகூட நான் இத வாய்விட்டுச் சொன்னதில்ல. அங்க டைப் அடிக்கிறவரு அத அப்படியே தட்டிகிட்டு இருந்தாரு. தங்கச்சி கேக்கற காத என் பக்கம் திருப்பி உக்காந்திருந்தா. இறங்கி வந்து படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்து போடச் சொன்னாங்க, போட்டேன்.

அப்பால ரெண்டு மாசம் நான் போன் பண்ணா அவ எடுக்கல. தீர்ப்பு அன்னைக்கு நானாவே போனேன். அவ கேட்ட ரெண்டும் கிடைச்சுது. அவன் கிட்ட வரக் கூடாது, வீட்டுல முன்பக்கம் ரெண்டு ரூமும் இவளுக்கும் புள்ளைக்கும். அவன் அப்பீல் போவான்தான், போகட்டும். உங்க சாட்சியிலதான் அந்தக் கடிதம் செல்லாமப் போச்சுன்னு வக்கீலம்மா என் கையப் புடிச்சாங்க. என்னைப் பாராட்டறாங்களாம்! எங்கயாவது போய் முட்டிக்கலாம்போல இருந்துது.

வராண்டாவுல தங்கச்சி உத்தரவு நகல பிளாஸ்டிக் கவர்ல போட்டுகிட்டு இருந்தா. எனக்கு அன்னைக்கு வேற வழி தெரியலடின்னு ஆரம்பிச்சேன். திட்டுவா, இல்ல அழுவான்னு நெனச்சேன். ரெண்டும் இல்ல.

"உன் பொண்ணு கல்யாணத்துக்கு எனக்கு மட்டும் கைக் காயம் மறையற மாதிரி முழங்கை தாண்டி ஜாக்கெட் தெச்சுக் குடுத்தியேக்கா. அப்பவே எனக்குத் தெரியும்."

அவ்வளவுதான் சொன்னா. புள்ள ஸ்கூல் விட்டு வர்ற நேரம், வீட்டுச் சாவி வேற வாங்கணும்னு கெளம்பி, அரியாங்குப்பம் போற டெம்போவுல ஏறிட்டா. பக்கத்துல இடம் இருந்துது. நீயும் வரியான்னு என்னைக் கேக்கல.