ஆவடியிலிருந்து திருமழிசைக்கு ஒரு கடல்நத்தையும் சாலமாண்டரும்

காலை 7.40, ஆவடி பேருந்து நிலையம். பூந்தமல்லிக்கு ஒன்பது கிலோமீட்டர். அங்கிருந்து திருமழிசைக்கு ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய். பத்து மணிக்கு அங்கே ஒரு தனியார் பள்ளியில் நான் மாதிரி வகுப்பு எடுக்க வேண்டும். பதினோரு வருடம் வீட்டோடு இருந்துவிட்டு, மறுபடி விலங்கியல் டீச்சராக எனக்குக் கிடைத்த ஒரே வாய்ப்பு. "இதயம் பற்றிப் பாடம் நடத்து, வம்பில்லை" என்றார் கணவர். நானோ ஓடில்லாத கடல்நத்தை ஒன்றையும், பல்லி போலிருக்கும் சாலமாண்டரையும் ஒப்பிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். பிடிவாதம் எனக்குக் கூடப் பிறந்தது. களிமண்ணில் இரண்டையும் செய்து காயவைத்து, ஸ்வீட் பாக்ஸில் போட்டுக் கட்டைப்பையில் வைத்திருந்தேன்.

பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் காசு இல்லை, உட்கார இடமும் இல்லை. நிற்பவர் பையை உட்கார்ந்திருப்பவர் மடியில் கொடுப்பது நம் ஊர் வழக்கம். ஒரு பூக்காரம்மாவிடம் கொடுத்தேன். பாக்ஸின் மூடி கழன்றிருந்ததை நான் கவனிக்கவில்லை. பருத்திப்பட்டு தாண்டியதும் அவர் குனிந்து பார்த்தார். வாலைக் கண்டதும் பையைக் கீழே தள்ளிவிட்டார்.

"இன்னாமா, பல்லிய எட்த்துகினு போற?"

"பல்லி இல்லம்மா, பொம்மை. இது தவளைக்கு உறவு."

சாலமாண்டருக்கு ஒரு கால் போயிருந்தது. நத்தைக்குத் தலை வேறு, உடல் வேறு. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் பதறிப்போய்ப் பூ கட்டும் நாரை எடுத்தார். "குடுமா, கட்டித் தரேன்."

வேண்டாம் என்றேன். என் பாடமே அதுதானே! சாலமாண்டருக்குக் கால் போனால் எலும்போடு புதுக்கால் முளைக்கும். சில கடல்நத்தைகள் உடலையே கழற்றிப் போட்டுவிடும். தலை மட்டும் ஊர்ந்து திரிந்து, சில வாரங்களில் இதயம் உட்படப் புது உடலை வளர்த்துக்கொள்ளும். அதைச் சொன்னேன்.

"வயிறே இல்லாம இன்னாத்த துன்னும்?"

பாசியைத் தின்று சேர்த்த பச்சையம் உள்ளே இருக்கிறது, அது கைகொடுக்கலாம், உறுதியாக யாருக்கும் தெரியாது என்றேன். நான் எழுதி வைத்திருந்த பாடக்குறிப்போ வரையறையில் தொடங்கியது. செந்நீர்க்குப்பம் வருவதற்குள் அந்தத் தாளை மடித்துப் பைக்குள் போட்டுவிட்டேன்.

10.00, எட்டாம் வகுப்பு. உடைந்த துண்டுகளை மேஜையில் வைத்து, வயிற்றுக் கேள்வியோடு ஆரம்பித்தேன். பிள்ளைகள் ஆளுக்கொரு பதில் சொல்லிச் சண்டை போட்டார்கள். கடைசி பெஞ்சில் இருந்த தலைமை ஆசிரியை கேட்டார்: "ரெண்டுல எது கெட்டிக்காரி?"

"நத்தைதான் மேடம். கால் போனாலும் சாலமாண்டருக்கு மீதி உடம்பு இருக்கு. இதுக்குத் தலை மட்டும்தான்."

12.30, திரும்பும் பேருந்து. உட்கார இடம் கிடைத்தது. கணவர் போனில், "என்ன சொன்னாங்க?" என்றார்.

"திங்கக்கிழமையிலிருந்து பாப்பாவுக்கு டிபன் பாக்ஸ் நீங்கதான் கட்டணும்."

"சட்னிக்குத் தேங்காய் எவ்வளவு போடணும்?" என்றார்.