பதினான்கு மாத மாத்திரை

2007 ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஓசூர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து ஓட்டலின் மாடி அரங்கில் நாற்பது மருத்துவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். குழந்தையின்மைச் சிகிச்சை பற்றி ஒருநாள் தொடர்கல்வி வகுப்பு. டாக்டர் ஜெயப்ரியா மூன்றாவது வரிசையில் இருந்தார். பதினாறு வருடமாக ராயக்கோட்டை சாலையில் இரண்டு அறை கிளினிக் வைத்து மகப்பேறு பார்ப்பவர். ஓசூர் தொழிற்சாலைகளில் வேலை செய்பவர்களின் மனைவிமாரும் சுற்றுப்பட்டுக் கிராமத்துப் பெண்களும் அவரிடம்தான் வருவார்கள். கைராசிக்காரி என்று பெயர். பாதி ஆர்வத்திலும் பாதி சான்றிதழுக்காகவும் வந்திருந்தார்.

பெங்களூரிலிருந்து வந்த பேராசிரியை திரையில் ஒரு நோயாளியின் கதையைப் போட்டார். கல்யாணமாகி ஏழு வருடம். மனைவிக்குக் குழாயில் அடைப்பில்லை. கருப்பையை மூன்று முறை சுரண்டியாகிவிட்டது. முட்டை வளர பதினோரு மாதம் மாத்திரை. கணவருக்குப் பரிசோதனை: செய்யவில்லை.

"இதில் கோளாறு யாரிடம்?" என்று கேட்டார்.

"டாக்டர்கிட்டதான்!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். அரங்கமே சிரித்தது.

ஜெயப்ரியாவும் சிரிக்க வாயைத் திறந்தார். சிரிப்பு வரவில்லை.

"ஏறக்குறைய பாதித் தம்பதிகளில் ஆண் பக்கமும் காரணம் இருக்கிறது. அந்த டெஸ்ட்டை முதல் நாளே கேளுங்கள். கேட்காமல் மாத்திரைச் சீட்டில் கை வைக்காதீர்கள்" என்று பேராசிரியை சொல்லிக்கொண்டிருந்தார். இதெல்லாம் கல்லூரியிலேயே படித்ததுதான். தெரியாமல் செய்திருந்தால்கூட மனது ஆறியிருக்கும். ஜெயப்ரியா தெரிந்தே விட்டிருந்தார்.

ஐந்தாறு வருடம் முன்பு அவரிடம் வைத்தியத்துக்கு வந்த உத்தனப்பள்ளி பூவம்மாள். மெலிந்த பெண், எதைக் கேட்டாலும் முதலில் புருஷன் முகத்தைப் பார்க்கும். அந்தப் புருஷன் மாதேஸ்வரனிடம் ஒருநாள் டெஸ்ட் பேச்சை எடுத்தபோது அவன் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு சொன்னது இப்போது காதில் விழுந்தது. "ஆம்பளைக்கு என்னாத்துக்குங்க டெஸ்ட்டு? பயிரு வெளையலன்னா நெலத்தைத்தான் பாப்பாங்க." வற்புறுத்தினால் வேறு டாக்டரிடம் கூட்டிப் போய்விடுவான் என்று அன்றைக்கு அவர் பேச்சை மாற்றினார். மாத்திரையை எழுதினார்.

மதியச் சாப்பாட்டைத் தொடாமலே கிளினிக்குக்குத் திரும்பினார். நர்ஸ் தங்கமணியை வரச் சொல்லி, பழைய சீட்டுக்கட்டுகளைப் பரணிலிருந்து இறக்கச் சொன்னார். 2001, 2002. ஒரு மணி நேரம் கழித்துப் பூவம்மாளின் சீட்டு கிடைத்தது. எல்லாம் அவர் கையெழுத்துதான். சுரண்டல் மூன்று முறை. மாத்திரை, திரையில் பார்த்ததுபோல் பதினோரு மாதம் அல்ல, பதினான்கு மாதம். ஆறு மாதத்துக்கு மேல் கொடுக்க யோசிக்க வேண்டிய மாத்திரை.

"என்னாச்சு மேடம்? முகமே செத்துப்போச்சு" என்றாள் தங்கமணி.

"இந்தப் பொண்ணு இப்ப எங்க இருக்கா, தெரியுமா?"

தங்கமணிக்குத் தெரியவில்லை. மறுநாள் காலை ஜெயப்ரியாவே காரை எடுத்துக்கொண்டு உத்தனப்பள்ளிக்குப் போனார். தக்காளித் தோட்டத்துக்குப் பக்கத்தில் வீடு. கதவைத் திறந்தது பூவம்மாள் இல்லை. வேறொரு இளம்பெண், கையில் கஷாயக் கிண்ணம்.

"டாக்டரம்மாதானே நீங்க? நாங்களே வரணும்னு இருந்தோம்" என்றாள். முனிலட்சுமி என்று பெயர் சொன்னாள். மாதேஸ்வரனின் இரண்டாம் மனைவி. பூவம்மாளை மலடி என்று சொல்லித் தாய்வீட்டுக்கு அனுப்பி நாலு வருடமாகிறது. "எனக்கும் நிக்கலீங்கம்மா. அக்காவுக்கு மாத்திரை குடுத்தீங்களாமே, அதே எனக்கும் குடுப்பீங்களா?"

ஜெயப்ரியா எழுதிய சீட்டு ஒருத்தியை வீட்டை விட்டுத் துரத்தி, அந்த இடத்தில் இன்னொருத்தியைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தது.

"மாத்திரை வேணாம். உன் வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வா. அவரு இல்லாம நீ மட்டும் வந்தா நான் பாக்கமாட்டேன்" என்று மட்டும் சொல்ல முடிந்தது.

பூவம்மாள் தளி பக்கம் ஒரு ரோஜாப் பண்ணையில் வேலை செய்வதாக அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். ஜெயப்ரியா அங்கே போனார். பூ வாடாமலிருக்கக் குளிரூட்டிய தகரக் கொட்டகை. பூவம்மாள் நீளக் காம்புப் பூக்களை இருபது இருபதாக அடுக்கி அட்டை சுற்றிக்கொண்டிருந்தாள். டாக்டரைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். பழைய பழக்கம்.

ஜெயப்ரியா சுற்றி வளைக்கவில்லை. "பூவம்மா, உனக்கு நான் எடுத்த டெஸ்ட்டுல ஒண்ணுலகூட கொறை இல்ல. உன் புருஷனுக்கு டெஸ்ட்டே எடுக்கல. எடுக்காம உனக்கு வைத்தியம் பார்த்தது என் தப்பு."

பூவம்மாளின் கை அட்டையிலேயே நின்றுவிட்டது. புரிய நேரமானது. பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"மூணு தரம் என்னைப் படுக்க வெச்சு சொரண்டுனீங்களேம்மா. அவரு ஒரு தரம் ஒரு டப்பாவுல புடிச்சுக் குடுத்திருந்தா போதுமா?"

"மொதல்ல அதைத்தான் பண்ணியிருக்கணும்."

"ஏன் சொல்லல?"

"சொன்னேன். அவரு கோவப்பட்டாரு. விட்டுட்டேன்."

"அவரு கோவப்பட்டாருன்னு விட்டுட்டீங்க" என்று பூவம்மாள் அப்படியே திருப்பிச் சொன்னாள். கத்தவில்லை, அழவில்லை. டாக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதற்குப் பதில் அடித்திருக்கலாம் என்று ஜெயப்ரியாவுக்குத் தோன்றியது.

"இப்ப சொன்னதை எழுதிக் குடுங்க" என்றாள் பூவம்மாள். "இங்கிலீசுல வேணாம். எங்கண்ணன் பொண்டாட்டி எழுத்துக்கூட்டிப் படிப்பா. அவளுக்குப் புரியணும். சீலு வெச்சுக் குடுங்க."

காரிலிருந்து சீட்டுப் புத்தகத்தை எடுத்துவந்து, பூப்பெட்டி ஒன்றின்மேல் வைத்து எழுதினார். மருந்துச்சீட்டில் அவர் தமிழ் எழுதியதே கிடையாது. இரண்டு முறை அடித்துத் திருத்த வேண்டியிருந்தது. கடைசி வரியில் 'இது என் தவறு' என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். முத்திரை கிளினிக்கில் இருந்தது. மறுநாள் பூவம்மாளே பஸ் ஏறி வந்து அதைக் குத்தி வாங்கிக்கொண்டு, உட்காரக்கூடச் செய்யாமல் போய்விட்டாள்.

மூன்று வாரம் கழித்து மாதேஸ்வரன் வந்தான். முனிலட்சுமி சாப்பிடாமல் கிடந்து இழுத்துவந்திருந்தாள். கிருஷ்ணகிரியில் ஒரு லேபில் இரண்டு முறை பார்த்தார்கள். இரண்டு முறையும் ஒரே முடிவு: விந்தில் உயிரணு ஒன்றுகூட இல்லை. மீசை அரும்பிய வயதில் பொன்னுக்கு வீங்கி வந்தபோது விதை வீங்கிப் படுத்திருந்ததாக அவனே சொன்னான்.

இருவரையும் ஒன்றாக உட்காரவைத்து ஜெயப்ரியா விஷயத்தைச் சொன்னார். மாதேஸ்வரன் லேப் காகிதத்தையே உற்றுப் பார்த்தான். இங்கிலீஷ் படிக்கத் தெரியாதவன். ஆனாலும் பார்த்தான்.

முனிலட்சுமிதான் வாயைத் திறந்தாள். தனக்கு என்ன வழி என்று கேட்பாள் என ஜெயப்ரியா நினைத்திருந்தார்.

"அப்ப அக்கா?" என்றாள் முனிலட்சுமி.

மாதேஸ்வரன் எழுந்து வெளியே போனான். திரும்ப உள்ளே வரவில்லை. பஸ் ஸ்டாப்பில் தலையில் துண்டைப் போட்டு உட்கார்ந்திருந்ததாகத் தங்கமணி பார்த்துவந்து சொன்னாள்.

பூவம்மாள் அவன் வீட்டுக்குத் திரும்பவே இல்லை. ஒருமுறை ஆளனுப்பியும் போகவில்லை. முனிலட்சுமி அங்கேயேதான் இருக்கிறாள். தத்தெடுக்கலாமா என்று ஒருநாள் வந்து கேட்டுவிட்டுப் போனாள். குழந்தையில்லை என்று வருகிறவர்களுக்குப் புருஷன் வராமல் சீட்டுப் போடுவதில்லை என்று ஜெயப்ரியா கிளினிக்கில் வழக்கம் கொண்டுவந்ததும், அப்படி வருகிற பெண்களின் எண்ணிக்கை அந்த வருடம் பாதியாகக் குறைந்தது. வராமல் போனவர்கள் வேறு எங்கே போய் என்ன மாத்திரை விழுங்குகிறார்களோ என்ற நினைப்பு அவரைத் தூங்கவிடுவதில்லை.