சாயம் போன குட்டி வீடு வந்த கதை

பிள்ளைகளே, நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் துணி வெட்டும் பிரிவில் வேலை செய்கிறேன். பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். எழுதிப் பழக்கமில்லை. ஆனாலும் இந்தக் கோடை விடுமுறையில் எங்கள் வீட்டில் நடந்ததை உங்களுக்குச் சொல்லிவிட வேண்டும் என்று ஆசை.

என் மகளுக்கு டிவியில் வந்த ஒரு கார்ட்டூன் என்றால் உயிர். அதில் ஒரு நாய்க்குட்டி மழையில் வழி தவறி, தன் அம்மாவைத் தேடி அலையும். திடீரென்று அந்தக் கார்ட்டூனையே நிறுத்திவிட்டார்கள். குட்டி வீடு போய்ச் சேரவில்லை. அதைப் பார்த்துவந்த பிள்ளைகள் ஆளுக்கொரு முடிவை வரைந்தும் எழுதியும் இணையத்தில் போடுவதை, மகள் அவள் அம்மாவின் போனில் பார்த்தாள்.

"நாங்களும் ஒண்ணு பண்றமுங்கப்பா" என்றாள்.

நாங்கள் என்றால் அவளும் பக்கத்து வீட்டுத் தோழியும். தோழியின் குடும்பம் பீகாரிலிருந்து வந்தது. வீட்டுக்குள் இந்தி, வாசலுக்கு வந்தால் வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போடும் எங்கள் தமிழ். அவள் நாய் போல முனகினால் தெருநாய்கள் காதைத் தூக்கும்.

கம்பெனியில் கேட்டு, வெட்டியதில் மிஞ்சிய வெட்டுத்துணி ஒரு பை கொண்டுவந்தேன். ஆரஞ்சுத் துணியில் குட்டியைத் தைத்தார்கள். செருப்புப் பெட்டி வீடானது. குட்டியின் காலைக் கொஞ்சம் நகர்த்தி ஒரு போட்டோ, இன்னும் கொஞ்சம் நகர்த்தி ஒரு போட்டோ. வரிசையாக ஓட்டினால் குட்டி நடக்கும். ஒரு காலைப்பொழுது முழுக்க எடுத்தது கண் சிமிட்டுவதற்குள் முடிந்துவிட்டது.

"இவ்வளவுதானா கண்ணு? இது ஊடு போய்ச் சேர்றதுக்குள்ள நான் கெழவியாயிருவேன்" என்று என் மனைவி சிரித்தாள்.

ஆனால் பிள்ளைகளுக்கு அவசரம் இருந்தது. தோழியின் குடும்பம் ஞாயிற்றுக்கிழமை ரயிலில் ஊருக்குக் கிளம்புகிறது. திரும்பி வருவார்களா, பிள்ளையை அங்கேயே பள்ளியில் சேர்ப்பார்களா என்று அவர்களுக்கே தெரியவில்லை. அதற்குள் படம் முடிந்தாக வேண்டும். அவள் போய்விட்டால் குட்டிக்குக் குரல் இல்லை.

பாதிப் படம் எடுத்திருந்தபோது கம்பெனிக்கு மகளிடமிருந்து போன் வந்தது.

"அப்பா, நாயை நாய் தூக்கிட்டுப் போயிருச்சுங்கப்பா!"

வாசல்படியில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறார்கள். தெருநாய் கவ்விக்கொண்டு ஓடிவிட்டது. வால் மட்டும் மிச்சம்.

இருவரும் பையைக் கிளறி அதே ஆரஞ்சில் துணி தேடி எடுத்து, இன்னொரு குட்டி தைத்து, மேலே எடுக்க ஆரம்பித்தார்கள். வெள்ளிக்கிழமை மாலை மொத்தத்தையும் சேர்த்து ஓட்டிப் பார்த்தோம். பாதியில் குட்டி சட்டென்று வெளிறிப்போனது.

எனக்குப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. ஆரஞ்சு ஆரஞ்சுதான். ஆனால் இரண்டும் வேறு வேறு தடவை சாயமேற்றிய துணி. தனித்தனியாகப் பார்த்தால் தெரியாது, அடுத்தடுத்து வந்தால் காட்டிக்கொடுத்துவிடும். அதனால்தான் கம்பெனியில் வெட்டிய ஒவ்வொரு துண்டிலும் நம்பர் ஒட்டுவோம். ஒரு ரோலில் வெட்டிய கையை இன்னொரு ரோலில் வெட்டிய உடம்போடு தைத்துவிட்டால் அந்தப் பனியன் கழிவுதான்.

"ஷேடு மாறிப்போச்சு கண்ணு. மொதல்லருந்து எடுக்கோணும்" என்றேன். எனக்குத் தெரிந்த வழி அதுதான்.

முதலிலிருந்து எடுக்க நாள் ஏது? மகள் தோழியின் மேல் பாய்ந்தாள். "நீதான் இந்தத் துணிய எடுத்துக் குடுத்த!"

"நீதான் நாயை வாசல்ல வெச்சீங்க!"

சண்டையிலும் மரியாதை விடவில்லை அந்தப் பிள்ளை. என் மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிள்ளைகள் சிரிக்கவில்லை. தோழி தன் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை, நாங்கள் டீ குடித்து முடிக்கும் முன்பே வந்து நின்றாள்.

"குட்டி மழைல நனைஞ்சுச்சுல்லங்க? சாயம் போயிருச்சுங்க. எங்கப்பா புதுச் சட்டை மாதிரி."

முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த மகள் மெல்லத் திரும்பினாள். "அப்ப அதோட அம்மாவுக்கே அடையாளம் தெரியாதே!"

"தெரியாதுங்க. கத்தினாத்தான் தெரியும்."

அவ்வளவுதான், இரண்டும் ஓடின. மஞ்சளும் குங்குமமும் கரைத்த தண்ணீரைக் குட்டியின் காலடியில் ஓடவிட்டு, மழையில் சாயம் வழிவதைப் படமெடுத்தார்கள். என் பழைய காலுறை அம்மா நாயானது. வெளிறிய குட்டி வாசலில் வந்து நிற்கிறது. அம்மா நாய் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. குட்டி மெதுவாக முனகுகிறது. அம்மாவின் காது நிமிர்கிறது.

"அம்மா, நாந்தானுங்க!" என்று தோழி குரல் கொடுத்தாள்.

"நாய்க்குமா 'ங்க'?" என்றாள் என் மனைவி.

"திருப்பூர் நாயிங்க ஆன்ட்டி."

நான் கழிவு என்று ஒதுக்கச் சொன்னதுதான் கதையிலேயே நல்ல இடம். கண் கலங்கிப் பார்த்தேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர்களை ரயிலேற்றிவிட்டு வந்து, என் மனைவியின் போனிலிருந்து படத்தைப் போட்டோம். அன்று இரவே எங்கேயோ இருக்கும் ஒரு பிள்ளை, சாயம் போன குட்டி அம்மா மடியில் தூங்குவதை வரைந்து அனுப்பியிருந்தது. மகள் உடனே தோழிக்குப் போன் போட்டுச் சொன்னாள். ரயில் இரைச்சலுக்கு நடுவே ஒரு குரைப்பு கேட்டது. பெட்டியில் யாரோ சிரித்தார்கள்.

"அடுத்த கதை சொல்லுங்க. நான் அங்கருந்தே பேசி அனுப்பறனுங்க" என்றாள் அவள்.

திங்கட்கிழமை நான் வேலைக்குக் கிளம்பும்போது மகள் வெறும் பையை நீட்டினாள்.

"வெட்டுத்துணி கொண்டாங்கப்பா. ஒரே ஷேடா வேண்டாம், கலந்து கொண்டாங்க."