வாசலோடு திரும்பும் புண்ணியம்

பலகை இல்லாத லாட்ஜ் நடத்துவது லேசான தொழில் இல்லை. பலகை இருந்தாலாவது அதில் 'இடமில்லை' என்று எழுதி மாட்டிவிடலாம். பழனியிலும் ராமேஸ்வரத்திலும் வேளாங்கண்ணியிலும் சொந்த வீடும் கட்டிக்கொண்டு, சொந்தக்காரர்களையும் வைத்துக்கொண்டிருக்கிற என் சக பாவிகளுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். திருவண்ணாமலையில், கிரிவலப் பாதையிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் இரண்டாவது வீடு என்னுடையது. மாதம் முழுக்க அதில் நான் ஒருத்தி. பௌர்ணமி அன்றைக்கு மட்டும் பத்துப் பதினைந்து பேர். சாயங்காலம் வருவார்கள், பையை வைப்பார்கள், செருப்பைக் கழற்றுவார்கள், டிபன் சாப்பிடுவார்கள், மலையைச் சுற்றக் கிளம்பிவிடுவார்கள். விடிந்ததும் பையை வாங்கிக்கொண்டு பஸ் ஏறுவார்கள்.

என் வீட்டுக்காரர் இருந்தவரை அவரும் கூட நடப்பார். விடியற்காலையில் அவர் பின்னாலேயே அத்தனை பேரும் உள்ளே வந்து, கூடத்தில் காலை நீட்டிப்போட்டு, ஆளுக்கு இரண்டு டம்ளர் காபி குடித்து, ஊர் வம்பெல்லாம் பேசி முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர் போய் இரண்டு வருஷம் ஆகிறது. இப்போதும் அந்த விடியலுக்கு ஒரு லிட்டர் பால் கூடுதலாக வாங்கி, டிகாக்‌ஷன் இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். நடந்துவிட்டு வருகிறவர்களில் யாராவது ஒருத்தர் உள்ளே வந்து, உட்கார்ந்து, ஒரு டம்ளர் குடித்துவிட்டுப் போகவேண்டும். என் வேண்டுதல் அவ்வளவுதான். அது லேசில் நடக்காத கதைதான் கீழே வருவது.

சும்மா ஒரு போன்

பௌர்ணமிக்கு மூன்று நாள் இருக்கும்போது என் உடம்பைப் பற்றி ஊர் உலகத்துக்கெல்லாம் அக்கறை வந்துவிடும். வீட்டுக்காரரின் சித்தப்பா பையன் சேகர் தாம்பரத்தில் இருக்கிறார். முட்டி வலி, சர்க்கரை, மழை, தண்ணீர் என்று வரிசையாக விசாரிப்பார். நான் முட்டிக்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் அவர் தண்ணீருக்குப் போயிருப்பார். வேலூர் கான்வென்ட்டில் எங்களுக்குக் கடிதம் எழுதக் கற்றுக்கொடுத்த சிஸ்டர், விஷயத்தை முதல் வரியில் சொல்லாத பெண்ணைப் பெஞ்சு மேல் ஏற்றிவிடுவார். நான் அங்கே படித்தவள். சென்ற மாசியில் சேகர், "உங்க ஊர்ல வெயில் ஆரம்பிச்சிடுச்சா அண்ணி?" என்று இழுத்தபோது, "எத்தனை பேர், இட்லியா சப்பாத்தியா?" என்று கேட்டேன். 

"எப்டி அண்ணி கண்டுபுடிச்சீங்க? ஒம்போது பேரு. இட்லியே போதும், சட்னி மட்டும் ரெண்டு வகையா அரைச்சிடுங்க."

சாஸ்திரம்

அந்த ஒன்பது பேரும் பௌர்ணமிக்கு மறுநாள் விடியலில் திரும்பி வந்தார்கள். நான் அடுப்பில் பாலை வைத்துவிட்டு, கேட்டைத் திறந்துவிட்டு நின்றேன். ஒருத்தரும் கேட்டைத் தாண்டவில்லை. சேகரின் மாமியார்தான் முன்னால் நின்றார். "பையெல்லாம் இங்கியே எடுத்தாந்து குடுத்துடும்மா. சாமியச் சுத்திட்டு நேரா அவங்கவங்க வூட்டுக்குத்தான் போவணும். நடுவுல வேற வூட்டுல உக்காந்தா சேத்த புண்ணியம் அங்கியே தங்கிடும்."

இந்தச் சாஸ்திரம் என் வீட்டுக்காரர் இருந்தபோது எங்கே போயிருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. பத்துப் பதினைந்து வருஷமாக இந்தக் கூடத்தில் காலை நீட்டியவர்கள் எல்லாரும் அவ்வளவு புண்ணியத்தையும் இங்கே விட்டுவிட்டுப் போயிருந்தால், நான் இந்நேரம் தரையில் நடந்துகொண்டிருக்கக் கூடாது. சொல்லவும் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. ஒன்பது பைகளையும் நாலு நடையில் சுமந்துகொண்டு வந்து கொடுத்தேன். கடைசிப் பையைக் கொடுக்கும்போது அந்த அம்மாள் மெல்ல என்னை ஒதுக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தார். எனக்கு ஒரு நிமிஷம் மனசு குளிர்ந்துவிட்டது. அவர் கூடத்துப் பக்கமே திரும்பாமல், சுவரை ஒட்டிக் கொல்லைப்புறம் போனார். என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி நின்று சொன்னார்:

"பாத்ரூமு சேராதும்மா, அது வூட்ட வுட்டுத் தனியாத்தானே கட்டியிருக்கு."

ஒரு ஜோடி செருப்பு

மலையை வெறுங்காலோடுதான் சுற்றுவது. எனவே செருப்புகளுக்குக் காவலும் நான். ஜோடி பிரியாமல் இருக்கத் துணி கிளிப் போட்டு, கேட்டை ஒட்டி வரிசையாக வைப்பேன். அந்த வரிசைக்குக் கொஞ்சம் தள்ளி என் வீட்டுக்காரரின் செருப்பு எப்போதும் கிடக்கும். தனியாக இருக்கிற பொம்பளை வாசலில் ஓர் ஆம்பளைச் செருப்பு கிடப்பது நல்லது, திருடன் யோசிப்பான் என்று எதிர் வீட்டம்மா சொன்னார். நானும் திருடனுக்காகத்தான் என்று சொல்லிக்கொள்கிறேன்.

ஒரு பௌர்ணமிக்கு வந்த திண்டிவனத்து உறவுக்காரர் ஒருவர், வாசலோடு பையை வாங்கின அவசரத்தில் என் வீட்டுக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அவருடையது கிளிப்போடு இங்கே கிடந்தது. போன் பண்ணினால், "பரவால்ல விடுங்க, எனக்கு அளவு சரியாத்தான் இருக்கு" என்றார், பெரிய மனசோடு. அடுத்த பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புங்கள் என்று நான் சொன்ன விதத்தில் அவர் கொடுத்தனுப்பிவிட்டார். வெயிலில் பஸ் ஸ்டாண்டில் ஒன்றரை மணி நேரம் நின்றேன். பஸ் வந்தது. கண்டக்டர் சீட்டுக்கடியிலிருந்து பொட்டலத்தை எடுத்தபோது பேப்பர் கிழிந்து, தேய்ந்த குதிகால் வெளியே தெரிந்தது. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இந்தப் பழைய செருப்புக்காம்மா இவ்ளோ நேரம் வெயில்ல நிக்கறீங்க?"

குரு எப்போது வருவார்

இந்த ஊரில் வெள்ளைக்காரர்கள் எந்த வாசலிலும் நுழைவார்கள். எந்த வாசலுக்குப் பின்னால் ஞானம் இருக்கும் என்று யார் கண்டது? சித்திரைப் பௌர்ணமி சாயங்காலம், வந்தவர்கள் எல்லாரும் நடக்கக் கிளம்பிவிட்டார்கள். பதினான்கு ஜோடிச் செருப்பு வெளியே, நான் ஒருத்தி உள்ளே. இட்லிப் பானையைத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டு, டிவிகூடப் போடாமல் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். நல்ல உயரமான ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, என் வயதுதான் இருக்கும், தன் செருப்பைக் கழற்றி வரிசையில் பதினைந்தாவதாக வைத்துவிட்டு உள்ளே வந்தார். என்னைப் பார்த்துக் கைகூப்பினார். சுவரோரம் சம்மணம் போட்டு உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

எழுப்பிக் கேட்டிருக்கலாம். கான்வென்ட் இங்கிலீஷ் துருப்பிடிக்காமல்தான் இருக்கிறது. ஏனோ கேட்கவில்லை. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அரை மணி நேரம் அவரும் நானும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். கண்ணைத் திறந்து, குரு எப்போது வருவார் என்று கேட்டார். இது வீடு, குரு யாரும் இல்லை, அந்தச் செருப்பெல்லாம் என் வீட்டுக்காரரின் சொந்தங்களுடையது என்று இலக்கணப் பிழை இல்லாமல் சொன்னேன். அவர் வெட்கப்பட்டு எழுந்தார். ஆனாலும் வாசல்வரை போய்த் திரும்பி, அவர் ஆங்கிலத்தில் சொன்னதை அப்படியே தமிழில் தருகிறேன்:

"இத்தனை பேர் வந்துபோகிற இடம் இவ்வளவு நிசப்தமாக இருந்து நான் எங்கேயும் பார்த்ததில்லை."

வடையும் வாயும்

என் நாத்தனார் சரோஜாவைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். என் வீட்டுக்காரருக்கு ஒரே தங்கை. கீழ்பென்னாத்தூரில் வாழ்க்கைப்பட்டவள், பஸ் ஏறினால் அரை மணி தூரம். இரண்டாம் வருஷத் தெவசத்தன்று வடை தட்டுகிறேன் என்று அவளே கரண்டியை வாங்கிக்கொண்டாள். வந்த வடையைப் பார்த்து, "காத்துல கதவு சாத்திக்காம இருக்க இதுல ஒண்ண அங்க வை சரோஜா" என்றேன். கூடியிருந்த எல்லாரும் சிரித்தார்கள். நான் எதையும் பொறுத்துக்கொள்வேன், வாயில் வந்த நல்ல வாக்கியத்தை விழுங்கச் சொன்னால் மட்டும் என்னால் முடியாது.

அவள் மிச்ச வடையையும் தட்டி முடித்தாள். இலை எடுத்து, எல்லாரும் கிளம்பின பிறகு, நான் பேச்சுவாக்கில் அந்தப் புண்ணியச் சாஸ்திரத்தைச் சொல்லி அலுத்துக்கொண்டேன். பையைத் தோளில் மாட்டிக்கொண்டே காதில் வாங்கினாள். அதற்குப் பிறகு நாலு பௌர்ணமி அவள் வரவில்லை, போனும் இல்லை. போகும்போது சொன்னது இதுதான்:

"சாஸ்திரமும் இல்ல, ஒன்னும் இல்ல அண்ணி. எங்கண்ணன் இருந்தாரு, உள்ள வந்தாங்க. இப்ப உங்க வாய்க்குப் பயந்துகினு வாசலோட போறாங்க."

பால்

அவள் சொன்னது பொய் என்று நிரூபிக்க எனக்கு ஒரே ஓர் ஆள் தேவைப்பட்டது. எனவே அடுத்தடுத்த மாதங்களில் வாயை அடக்கிப் பார்த்தேன். சேகர் பத்து நிமிஷம் முட்டியை விசாரித்தபோது பத்து நிமிஷமும் பதில் சொன்னேன். ஒருத்தர் என் சாம்பாரில் உப்பு கம்மி என்றபோது, உப்பு ஜாடியை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டுச் சிரித்தேன். சிரிப்பு சரியாக வரவில்லை என்று நினைக்கிறேன், அவர் ஜாடியை வாங்கவே யோசித்தார். விடியலில் பழையபடி பையை வாங்கினார்கள், பஸ் ஏறினார்கள். பூனாவிலிருந்து மகள் பேசினாள். வீடு நிறைய ஆள் வந்துபோனதைச் சேகரின் மனைவி படம் எடுத்துப் போட்டிருந்தாளாம். உனக்கென்னம்மா, எப்பவும் கலகலன்னு இருக்க என்றாள். ஆமாம் என்றேன்.

காய்ச்சின பாலை என்ன செய்வது? உறை ஊற்றினேன். ஒரு லிட்டர் பாலின் தயிரை ஒருத்தி தின்று தீர்க்க நாலு நாள் ஆகும். முதல் நாள் தயிர் சாதம், இரண்டாம் நாள் மோர்க்குழம்பு, மூன்றாம் நாள் நீர்மோர், நாலாம் நாள் கறிவேப்பிலைச் செடிக்கு. வேங்கிக்கால் பக்கத்திலிருந்து சைக்கிளில் வரும் பால்காரர் இதைக் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஆடிப் பௌர்ணமிக்கு நான் வழக்கம்போலக் கூடுதல் பால் சொன்னதும், அளவுக் குவளையைக் கேனுக்குள் விடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்:

"எப்பிடியும் நீங்க தயிர்தாம்மா தோய்க்கப் போறீங்க, நானே தயிராக் கொண்டாந்து குடுத்துடட்டுமா?"

பை வைக்காதவள்

பாலாகவே வாங்கினேன். ஆடி விடியலில் பதினோரு பைகளும் கேட்டுக்கு வெளியே போய்ச் சேர்ந்தன. நான் கேட்டைச் சாத்திவிட்டு, உறைமோரை எடுக்கச் சமையலறைக்குள் போனேன். கேட் திறக்கிற சத்தம் கேட்டது. யாரோ எதையோ மறந்துவிட்டார்கள் என்று எட்டிப் பார்த்தால், சரோஜா. வெறுங்கால், நெற்றியில் விபூதி, புடவை ஓரமெல்லாம் புழுதி. முந்தின நாள் அவள் இங்கே வரவே இல்லை; பஸ் ஸ்டாண்டிலிருந்து நேராகப் போய்த் தனியாக மலையைச் சுற்றியிருக்கிறாள்.

"பை எதாச்சும் வெச்சிட்டுப் போனியா?" என்றேன். நாலு மாதம் கழித்து வந்தவளிடம் முதலில் கேட்கிற கேள்வியா இது? பழக்கதோஷம்.

"பை வெச்சாத்தான் வரணுமா?" என்று கேட்டுக்கொண்டே அவள் என்னைத் தாண்டிக் கூடத்துக்குப் போனாள். நாலைந்து நாற்காலி இருக்க, அவள் அண்ணன் உட்காருகிற பிரம்பு நாற்காலியில்தான் உட்கார்ந்தாள். இரண்டு வருஷமாக அதில் துணி மடித்து வைப்பதோடு சரி. மடித்த துணியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். நான் காபி கலந்தேன். அவசரத்தில் சர்க்கரை கூடிவிட்டது.

"சர்க்கரை ஜாஸ்தி."

"நீ குடிக்கிற வேகத்துக்கு ருசி வேற தெரியுதா உனக்கு?"

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் டம்ளரை நீட்டினாள். "தெரிஞ்சிதான் சொல்றேன். இன்னொன்னு கலங்க, சர்க்கரை கம்மியா."

இரண்டாவதைக் குடித்தாள். கால் விரல்களை நீவிக்கொண்டே, மருமகள் பேசாதது, வேர்க்கடலைக்கு மழை வராதது, தன் முட்டி, என் முட்டி எல்லாம் பேசினாள். எட்டு மணிக்கு மூன்றாவது டம்ளர். இவள் நேராக வீட்டுக்குப் போகவில்லையே என்று எனக்குத்தான் உறுத்தியது. கேட்டுவிடுவதா, வாயை மூடிக்கொண்டு இருப்பதா? கேட்டேன். "ஏண்டி, இப்பிடி உக்காந்துட்டியே, அவ்ளோ தூரம் நடந்த புண்ணியம் மொத்தமும் இங்கியே தங்கிடுமே."

சரோஜா காலி டம்ளரைத் தரையில் வைத்தாள். வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"தங்கட்டுமே அண்ணி. உங்ககூட இருக்கறதுக்கு அதுக்காவது தைரியம் இருக்கான்னு பாப்போம்."

கூடுதலாக வாங்கின ஒரு லிட்டரும் அவள் பஸ் ஏறுவதற்குள் தீர்ந்துபோனதால், அந்த மாதம் என் வீட்டில் மோர்க்குழம்பு இல்லை.