செருப்புக்குக் காவல்

கோடை விடுமுறையில் ஒருநாள் வரதராசன்பேட்டையிலிருந்து வேளாங்கண்ணிக்குப் போய்வருவது எங்கள் வீட்டு வழக்கம். ஏற்பாடெல்லாம் என் பொறுப்பு. புளிச்சாதம் கட்டுவேன். கணவருக்கும் மகனுக்கும் மாற்றுத்துணி எடுத்துவைப்பேன். கோயில் முடிந்ததும் அவர்கள் இருவரும் கடலில் குளிப்பார்கள். நானும் மகளும் மணலில் உட்கார்ந்து பைகளுக்கும் செருப்புகளுக்கும் காவல் இருப்போம். என் அம்மாவும் அப்படித்தான் இருந்தார். அதில் ஒரு குறையும் எனக்குத் தோன்றியதில்லை.

போன மே மாதம், பத்தாம் வகுப்புத் தேர்வு முடித்திருந்த மகள் சட்டென்று எழுந்து தண்ணீரை நோக்கி நடந்தாள்.

"ஏய், நனைஞ்சிட்டு பஸ்ல எப்படி வருவ? ஒனக்கு மாத்துத்துணி எடுத்துட்டு வரல" என்றேன்.

"நான் எடுத்துட்டு வந்துட்டேம்மா." திரும்பிப் பார்த்தாள். "ஒனக்குந்தான்."

அவள் பையைத் திறந்தேன். சுடிதாருக்குக் கீழே என் நீலப் புடவை, பாவாடை, ரவிக்கை எல்லாம் மடித்து வைத்திருந்தாள்.

கரையேறிவந்த கணவர் தலையைத் துவட்டியபடி, "போயிட்டு வா, நான் பாத்துக்கறேன்" என்றார். கேட்டிருந்தால் எந்த வருடமும் இதையே சொல்லியிருப்பார். கேட்கத்தான் எனக்குத் தோன்றவில்லை.

மகளின் கையைப் பிடித்துக்கொண்டு முழங்கால் ஆழத்தில் நின்றேன். ஓர் அலை வந்து முகம்வரை நனைத்துவிட்டுப் போனது.

கடல்நீர் உப்புக் கரிக்கும் என்று வருடக்கணக்காகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியை நான். அன்றுதான் அது முதன்முதலாக என் நாக்கில் பட்டது.