‘மூச்சு சீர்’ என்று எழுதினேன்

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தேன். ஆபரேஷனுக்குக் குளோரோபாரம் கொடுப்பதும் என் வேலை. நோயாளியின் முகத்தில் வைத்த துணியில் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நாடியையும் மூச்சையும் நோட்டில் குறிப்பேன். என் நோட்டில் ஒரு கட்டம்கூடக் காலியாக இருக்காது.

அன்று இராஜபாளையத்து மில் தொழிலாளி ஒருவருக்குக் குடலிறக்க ஆபரேஷன். டாக்டர் கீறத் தொடங்கியிருந்தார். நான் குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன்.

"அண்ணாச்சி, எழுதுனது போதும்! இவிய மூச்சு விடலயே!" என்று நர்ஸ் ஞானம்மாள் கத்தினார்.

நிமிர்ந்தேன். உதடுகள் நீலமாகியிருந்தன. துணியை எடுத்து எறிந்தேன். அதற்கு மேல் எனக்குக் கை ஓடவில்லை. ஞானம்மாள்தான் அவர் தாடையைத் தூக்கி நாக்கை வெளியே இழுத்தார். டாக்டர் மார்பை அழுத்தி அழுத்தி விட்டார். பெரிய இழுப்பு ஒன்றுடன் மூச்சு திரும்பியது.

மூன்றாம் நாள் அந்த மனிதர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "எம்புட்டு நல்லா தூங்க வச்சிய, ஐயா! ஒண்ணுமே தெரியல."

"அண்ணாச்சி எழுத்தும் முத்து முத்தா இருக்கும்" என்றார் ஞானம்மாள்.

அதன்பின் மயக்கம் கொடுக்கையில் என் இடது கை நோயாளியின் தாடையை விட்டு அகலாது. குறிப்பெல்லாம் பிறகுதான். அன்றைய பக்கத்தின் கடைசி வரி, ‘மூச்சு சீர்’. அவருக்கு மூச்சு நின்றிருந்தபோது, அவரைப் பார்க்காமல் நான் எழுதியது. அதை நான் கோடிட்டு அடிக்கவில்லை.